உயிரைக் காப்பாற்றியாச்சு, அப்புறம்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அக்டோபர் 29 உலக பக்கவாத தினம் என்பதால் வருடா வருடம் உங்கள் நாளிதழில் அதைப் பற்றிக் கட்டுரை வந்துவிடுகிறது. வாய் கோணினால், கை துவண்டால், பேச்சு குளறினால் உடனே 108-ஐக் கூப்பிடுங்கள், நாலரை மணி நேரத்துக்குள் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடலாம் என்றெல்லாம் தெளிவாகத்தான் எழுதுகிறீர்கள், அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதற்கு இரண்டே நாள் முன்னால், அக்டோபர் 27-ல், உலக ஆக்குபேஷனல் தெரபி தினம் என்று ஒன்று வருகிறது. அன்றைக்கு ஒரு பெட்டிச் செய்தியைக்கூட நான் பார்த்த ஞாபகம் இல்லை. ஊசி போட்டுப் பிழைத்து வந்தவர் வீட்டில் எப்படிக் குளிப்பார், எப்படிச் சாப்பிடுவார், கக்கூஸுக்கு எப்படிப் போவார் என்று யோசிக்கிறவர்கள் அந்த ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகள்தான். அவர்களைப் பற்றியும், அவர்கள் இல்லாமல் நாம் நடத்திக்கொண்டிருக்கும் வைத்தியத்தைப் பற்றியும் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அரசு மருத்துவமனைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற நர்ஸ். பெரும்பாலும் மெடிக்கல் வார்டு. டிஸ்சார்ஜ் அன்று என்ன நடக்கும் என்று எங்களுக்கு நன்றாகத் தெரியும். மாத்திரையை எண்ணிக் கொடுப்போம், சர்க்கரை, உப்பு குறைக்கச் சொல்வோம், மறுபடி வரவேண்டிய தேதியைச் சொல்வோம், சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி தொடரவும்' என்று இருக்கும். அவ்வளவுதான். மகனும் மருமகனும் ஆளுக்கொரு பக்கம் அக்குளில் கையைக் கொடுத்து அவரைத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைப்பார்கள். வாதம் அடித்த பக்கம் தோளைப் பிடித்து நிறுத்துகிற தசைகள் துவண்டு கிடக்கும், அந்தக் கையை இப்படிப் பிடித்து இழுத்தால் மூட்டு கீழே இறங்கிவிடும், அப்புறம் மாதக்கணக்கில் தோள்வலி. வலிக்கிறது என்று அந்தக் கையை அசைக்கவே மாட்டார். அசைக்காத கை இறுகிப்போகும். வீட்டுக்காரர்கள் பாசத்தோடுதான் தூக்குகிறார்கள், எப்படித் தூக்குவது என்று அவர்களுக்கு யாரும் காட்டிக் கொடுக்கவில்லை, அதுதான் விஷயம்.

பிசியோதெரபி வேறு, ஆக்குபேஷனல் தெரபி வேறு என்பது படித்தவர்களுக்கே குழப்பம். பிசியோதெரபிஸ்ட் தசைக்கு வலு ஏற்றுவார், நிற்க வைப்பார், நடக்க வைப்பார், அது பெரிய வேலை. ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் கேட்கிற கேள்வி வேறு மாதிரி இருக்கும். காலையில் எழுந்ததும் நீங்க என்னென்ன செய்வீங்க, அதில் இப்ப எது முடியலை? பல் தேய்ப்பதா, வேட்டி கட்டுவதா, சில்லறை எண்ணுவதா, பூக் கட்டுவதா? அந்த ஒன்றை எடுத்துக்கொண்டு, அதை எப்படித் திரும்பச் செய்ய வைப்பது என்று பார்ப்பார். கையைச் சரிசெய்ய முடிந்தால் கையை, முடியாவிட்டால் பொருளை, அதுவும் முடியாவிட்டால் வீட்டை மாற்றுவார்.

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். ஒரு பெரியவர், மூளையின் வலது பக்கத்தில் அடைப்பு, இடது கை கால் விழுந்துவிட்டது. தட்டில் சோறு வைத்தால் வலது பாதியை வழித்துச் சாப்பிடுவார், இடது பாதியில் இருக்கிற பொரியல், கூட்டு எல்லாம் அப்படியே கிடக்கும். "அவருக்குக் காய்னாலே ஆகாது சிஸ்டர், சின்ன வயசுல இருந்தே இப்படித்தான்" என்று அவர் மனைவி சலித்துக்கொண்டார். ஒருநாள் மதியம் வந்த தெரபிஸ்ட் பெண் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஒன்றும் பேசாமல் தட்டை அப்படியே அரை வட்டம் திருப்பி வைத்தார். பெரியவர் பொரியலை ஒரு துணுக்கு விடாமல் சாப்பிட்டு முடித்தார்! கண்ணில் கோளாறு இல்லை. இடது பக்கம் என்று ஒன்று இருப்பதையே அவர் மூளை கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அப்புறம்தான் மற்றதெல்லாம் புரிந்தது, முகத்தில் ஒரு பாதிக்கு மட்டும் சவரம் செய்ததும், ஒரு காலில் மட்டும் செருப்பு போட்டுக்கொண்டு கிளம்பியதும். தட்டின் இடது ஓரத்தில் சிவப்பு டேப் ஒட்டி, "சாப்பிட்டு முடிக்கும்போது சிவப்பு எங்கே இருக்குன்னு பார்த்துட்டுத்தான் எழுந்திருக்கணும்" என்று அந்தப் பெண் பழக்கினார். இடது பக்கம் உட்கார்ந்து பேசுங்கள் என்று வீட்டாருக்குச் சொல்லிக் கொடுத்தார். இதைக் கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு அனுப்பியிருந்தால் நிலைப்படியிலும் வண்டியிலும் இடித்துக்கொண்டு, வயசான காலத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று பெயரும் வாங்கியிருப்பார்.

வலது கை விழுந்தவர்களின் பாடு வேறு. நம் ஊரில் இடது கையால் சாப்பிடு என்று லேசாகச் சொல்லிவிட முடியாது. மருமகள் ஊட்டிவிடுவதும் பிடிக்காமல், இடது கையால் அள்ளவும் மனசு வராமல், பசியே இல்லை என்று பொய் சொல்லிப் படுத்துக்கொண்ட அம்மாக்களை எனக்குத் தெரியும். விரலில் கொஞ்சம் பிடிப்பு மிச்சம் இருந்தால் போதும், கரண்டிக் காம்பில் சைக்கிள் ஹேண்டில்பாரின் ரப்பர் பிடியைச் செருகிப் பருமனாக்கிவிடுவார்கள். தட்டு நகராமல் இருக்க அடியில் ஈரத்துணி. முதலில் இட்லித் துண்டு, அப்புறம் கெட்டியான தயிர் சாதம், ரசம் சாதம் எல்லாவற்றுக்கும் கடைசி. சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். ஜாக்கெட்டில் கொக்கிக்குப் பதில் வெல்குரோ. இதற்கெல்லாம் லட்ச ரூபாய் மெஷின் வேண்டாம், சொல்லித் தர ஆள் வேண்டும்.

கக்கூஸ் விஷயத்தை நாகரிகம் கருதி யாரும் எழுதுவதில்லை, நான் எழுதுகிறேன். குந்தி உட்காரும் கக்கூஸ், அதுவும் கொல்லைப்புறத்தில், போகிற வழியில் இரண்டு படி, ஈரத்தரை. கதவு உள்பக்கமாகத் திறக்கும். உள்ளே போனவர் விழுந்துவிட்டால் அவர் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும், வெளியிலிருந்து திறக்கவே முடியாது. கீலை மாற்றிக் கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி செய்யுங்கள், உள்தாழ்ப்பாளைக் கழற்றுங்கள், வெல்டிங் பட்டறையில் சொல்லி நடுவில் ஓட்டையோடு ஒரு இரும்பு ஸ்டூல் அடித்து மேலே வையுங்கள், சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு குழாய் பதியுங்கள் என்று வீட்டை வந்து பார்த்தவரால்தான் சொல்ல முடியும். விழுந்து இடுப்பெலும்பு உடைந்து திரும்ப எங்கள் வார்டுக்கே வருகிறவர்களுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அந்த ஸ்டூல் என்ன விலை!

ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்ல வரவில்லை. போட்டும் பிரயோஜனம் இல்லாத இடங்கள் உண்டு. ஏன் என்றால் ஒருவர் சொல்வது இன்னொருவருக்குப் போய்ச் சேருவதில்லை. பக்கவாதத்தில் நிறையப் பேருக்கு விழுங்குவது கெட்டுப்போகும். தண்ணீர், காபி மாதிரி நீர்த்ததுதான் ஆபத்து, தொண்டையில் சட்டென்று ஓடி மூச்சுக்குழாயில் இறங்கிவிடும், சிலருக்குப் புரைகூட ஏறாது என்பதால் வெளியில் தெரியவே தெரியாது. கெட்டியாகத்தான் கொடுக்க வேண்டும் என்று ஸ்பீச் தெரபிஸ்ட் காலையில் பார்த்து கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டுப் போவார். சாயங்காலம் ஊரிலிருந்து வரும் தங்கச்சி பிளாஸ்கோடு வருவார், "அண்ணனுக்குக் காபி இல்லாம ஒரு நாளும் விடியாது" என்று ஒரு தம்ளர் ஊற்றிக் கொடுப்பார். ராத்திரி காய்ச்சல், இரண்டு நாளில் நிமோனியா. தங்கச்சியைக் குற்றம் சொல்ல முடியுமா? கேஸ் ஷீட்டை அவர் எங்கே படித்தார்? கட்டிலுக்கு மேலே தமிழில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டிருந்தால் முடிந்திருக்கும் விஷயம், அதை எழுத வேண்டியது யார் என்பதே யாருக்கும் தெரியாது.

அதே நோயாளியைச் சாய்ந்து விழாமல் நிமிர்ந்து உட்கார வைக்கத் தெரிந்தவர் பிசியோதெரபிஸ்ட், எது இறங்கும் எது இறங்காது என்று சொல்லத் தெரிந்தவர் ஸ்பீச் தெரபிஸ்ட், தம்ளரை எந்தக் கையில் எப்படிப் பிடிக்க வைப்பது என்று பார்ப்பவர் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், ராத்திரி இரண்டு மணிக்கும் பக்கத்தில் இருப்பவர் நர்ஸ். ஒரு தம்ளர் கஞ்சி குடிக்க நாலு பேர் அறிவு வேண்டியிருக்கிறது. அந்த நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே கட்டில் பக்கத்தில் நின்று பேசியதைப் பார்ப்பது அபூர்வம். ரவுண்ட்ஸ் வரும்போது பெரிய டாக்டர் முன்னால், அவர் பின்னால் பி.ஜி. மாணவர்கள், அதற்குப் பின்னால் நாங்கள், தெரபிஸ்ட்டுகள் இருந்தால் கதவோரம். கேட்டால் பதில் சொல்லலாம், கேட்க மாட்டார்கள். டாக்டர்களைத் திட்டுவதற்காகச் சொல்லவில்லை. நூறு நோயாளியை ஒரு காலையில் பார்த்து முடிக்க வேண்டியவருக்கு நின்று கேட்க நேரம் எங்கே இருக்கிறது? ஆனால் அந்த வழக்கத்துக்கு விலை கொடுப்பது கட்டிலில் கிடப்பவர்தான்.

கையில் அடிபட்டவர்களிடம் இது இன்னும் வெளிச்சமாகத் தெரியும். விசைத்தறியிலோ கரும்பு மெஷினிலோ விரலைக் கொடுத்துவிட்டு வருவார்கள், தசையை எலும்போடு இணைக்கிற நாண் அறுந்திருக்கும், அதை டாக்டர் தைத்துவிடுவார். தைத்த நாண் முதல் சில வாரம் ரொம்பப் பலவீனம், வேகமாக மடக்கினால் பிய்ந்துவிடும். பயந்துபோய் அசைக்காமலே வைத்திருந்தால் சுற்றியுள்ள சதையோடு ஒட்டிக்கொண்டு விரல் மடங்கவே மடங்காது. அளவாக அசைக்க வேண்டும், அதற்கு வெந்நீரில் இளக்கி அந்தக் கைக்கென்றே வளைத்துச் செய்கிற ஸ்பிளிண்ட் என்கிற பிளாஸ்டிக் தாங்கி இருக்கிறது, கனமான வேலைக்குப் போக ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். எப்படித் தைத்தார், எவ்வளவு தாங்கும் என்று தைத்தவர் சொன்னால்தான் அசைக்க வைப்பவருக்குத் தெரியும். நம் ஊரில் அந்தச் செய்தியைக் கொண்டுபோகிற தபால்காரர் நோயாளியேதான். "டாக்டர் ஆட்டச் சொன்னாரா, ஆட்டக் கூடாதுன்னாரான்னு சரியா ஞாபகம் இல்லீங்க" என்பார். அப்புறம் எங்கே?

சேர்ந்து வேலை செய்வதெல்லாம் வெள்ளைக்காரன் நாட்டுச் சமாச்சாரம், இங்கே ஒத்துவராது என்று சொல்பவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை வரை போய் வரலாம். 1946-ல் அங்கே வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயில் மடங்கிப்போன விரல்களை நாண் மாற்று ஆபரேஷன் செய்து நிமிர்த்தினார். ஆபரேஷனோடு கதை முடியவில்லை. வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த தசையை விரலோடு இணைத்திருக்கிறார்கள், அந்தத் தசைக்குப் புது வேலையைப் பழக்க வேண்டும். பழகினாலும் கையில் உணர்ச்சி கிடையாது, பிடிக்கிற உளியும் சுத்தியலும் புண்ணாக்கிவிடும், அதனால் அந்தக் கைகளுக்கு ஏற்ப பிடிகளை மாற்ற வேண்டும். நேரான விரலோடு திரும்பப் பிச்சைக்கே போகாமலிருக்க ஒரு தொழிலும் வேண்டும், அதற்காகத் தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். அவரிடம் பயிற்சி பெற்ற டாக்டர் மேரி வர்கீஸ் 1954-ல் ஒரு விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்து போனார், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார், நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துவிட்டு வந்தார், 1966-ல் வேலூரில் அவர் முயற்சியால் மறுவாழ்வு நிலையம் திறந்தது. 1972-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். படியும் வாசலும் என்ன பாடு படுத்தும் என்று தன் உடம்பிலேயே தெரிந்த ஒரு டாக்டர் தலைமையில் வளர்ந்த இடம் அது.

ஆக்குபேஷனல் தெரபி இந்தியாவுக்கே புதுசு என்றும் சொல்ல முடியாது. அமெரிக்காவில் பிறந்து இங்கே மருமகளாக வந்த கமலா நிம்ப்கர் 1950-ல் மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பள்ளியைத் தொடங்கினார், 1952-ல் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட்டுகளின் உலகக் கூட்டமைப்பு உருவானபோது அதைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் டாக்டர் ஆர். வெங்கடசாமி வளர்த்தெடுத்த கை சிகிச்சைப் பிரிவு இன்றும் இருக்கிறது, 2018 பிப்ரவரியில் இரண்டு கையும் இழந்த ஒருவருக்கு மூளைச்சாவு அடைந்தவரின் கைகளை அங்கேதான் பொருத்தினார்கள். ஆபரேஷன் செய்தியைப் பேப்பரெல்லாம் போட்டார்கள். அதற்கப்புறம் மாதக்கணக்கில் உட்கார்ந்து அந்தக் கைகளைப் பழக்குகிறவர்கள் இருப்பார்களே, அவர்களைப் பற்றி நான் எங்கும் படிக்கவில்லை.

இன்னொன்று. 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' நல்ல திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம், அதனால் பிழைத்தவர்கள் ஏராளம். அவர்களில் தலையில் அடிபட்ட பையன்களும் உண்டு. நடக்கிறான், பேசுகிறான், ஸ்கேனும் பரவாயில்லை என்கிறார்கள். ஆனால் டீ போடச் சொன்னால் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு வெறும் பாத்திரத்தை ஏற்றுவான், இல்லை தூளைப் போட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்ற மறந்து நிற்பான். எதற்கு அடுத்து எது என்கிற வரிசை குலைந்திருக்கும். ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் அவனை டீ போடவிட்டுப் பார்த்தே இதைக் கண்டுபிடிப்பார், படிப்படியாகப் பழக்கவும் செய்வார். ஆள் கிடைக்காத ஊரில் அவனுக்குச் சோம்பேறி என்றும் திமிர் பிடித்தவன் என்றும் பெயர், வேலையும் போய்விடும்.

ஆள் எங்கே என்பீர்கள். நாலரை வருடம் படித்துவிட்டு வருகிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். அரசு ஆஸ்பத்திரியில் பணியிடம் அபூர்வம் என்பதால், நிறையப் பேர் நகரங்களில் ஆட்டிசம் குழந்தைகளுக்கான தனியார் மையங்களுக்குப் போகிறார்கள், மிச்சப் பேர் வெளிநாடு. குழந்தைகளுக்கு அவர்கள் கட்டாயம் வேண்டும், அதில் மறுபேச்சே இல்லை. ஆனால் மணிக்கு இவ்வளவு என்று பணம் கட்ட முடிந்த வீட்டுக்கு மட்டும் கிடைக்கிற வைத்தியமாக இது ஆகிவிடக் கூடாது. 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த சுகாதாரத் தொழில்வல்லுநர் ஆணையச் சட்டத்தில் இந்தப் படிப்பும் இருக்கிறது, சட்டத்தில் இடம் கொடுத்த பிறகு வார்டில் இடம் கொடுக்க என்ன தயக்கம்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. பக்கவாதம், தலைக்காயம், முதுகுத்தண்டு அடி என்று சேர்ந்தவர்களை வீட்டுக்கு அனுப்பும் முந்தின நாள், டாக்டர், நர்ஸ், தெரபிஸ்ட்டுகள், வீட்டில் யார் பார்த்துக்கொள்ளப் போகிறாரோ அவர், எல்லோரும் கட்டிலைச் சுற்றி ஒரு கால் மணி நேரம் உட்கார வேண்டும். வீட்டில் பார்த்துக்கொள்பவர் தன் கையாலேயே நோயாளியைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருமுறை மாற்றிக் காட்ட வேண்டும், மாற்றத் தெரிந்த பிறகுதான் சீட்டில் கையெழுத்து. ஒவ்வொரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் பெயருக்கு ஒருவர் என்றில்லாமல் தேவைக்கேற்ப ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் பணியிடங்கள் வேண்டும். 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 ஆகஸ்ட்டிலிருந்து வீடு தேடிப் போய்க்கொண்டிருக்கிறது, பிசியோதெரபிஸ்ட்டும் நோய் ஆதரவு நர்ஸும் போகிற அந்த வண்டியில் இவர்களுக்கும் ஒரு சீட் போடட்டும். கக்கூஸ் கதவை நேரில் பார்க்க அதைவிட நல்ல வழி கிடையாது.

உங்களிடமும் ஒரு கோரிக்கை. 'இன்றைய நிகழ்ச்சிகள்' போடுகிற பக்கத்தில் வாரம் ஒருமுறையாவது, உங்கள் பதிப்பு போகிற மாவட்டங்களில் எந்த அரசு மருத்துவமனையில் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் இருக்கிறார், எந்தக் கிழமை, எத்தனாவது அறை என்று விசாரித்துப் போடுங்கள். ஆளே இல்லாத மாவட்டத்துக்கு நேராக 'இல்லை' என்று அச்சடியுங்கள். கலெக்டர் ஆபீஸில் காலையில் உங்கள் பேப்பரைத்தான் முதலில் புரட்டுகிறார்கள் என்று கேள்வி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ் ஒருவர்,
திருச்சி மாவட்டம்.